யார்க் ஊரை அரை நாள்ல நடந்து பாக்கணுமா? மதில் மேல இருந்து ஆரம்பிங்க

வட இங்கிலாந்துல இருக்கிற யார்க் போற முக்கால்வாசி பேர் என்ன பண்றாங்கன்னா, ட்ரெய்ன் விட்டு இறங்கினதும் மேப்ல ஷாம்பிள்ஸ்னு போட்டு நேரா அங்க போய் நிக்கிறாங்க, அது மூணு பேர் கை கோத்து நடக்க முடியாத சந்து, மதியம் பன்னெண்டு மணிக்கு அங்க திருவிழா கூட்டம் இருக்கும், நாலு போட்டோ எடுத்துட்டு ஒரு காபி குடிச்சுட்டு அவ்ளோதானா யார்க்னு திரும்பி வந்துடறாங்க. நானும் முதல் தடவை அப்படித்தான் பண்ணேன், அதுவும் டிசம்பர் மாசம் ஒரு சனிக்கிழமை, கிறிஸ்மஸ் மார்க்கெட் நடக்கிற நேரம், எனக்கு முன்னாடி போனவரோட ரெயின்கோட் முதுகைத் தவிர வேற ஒண்ணும் பாத்த ஞாபகம் இல்ல. அப்புறம் நாலஞ்சு தடவை போய் அலைஞ்சதுல ஒரு வரிசை பிடிபட்டுச்சு. அதைத்தான் இங்க எழுதறேன். மொத்தமா சுமார் அஞ்சு கிலோமீட்டர், நின்னு நிதானமா பாத்தா நாலு மணி நேரம், கிளம்பின எடத்துக்கே சுத்தி வந்துடலாம்.

முதல் விஷயம், சீக்கிரம் போங்க. லண்டன் கிங்ஸ் கிராஸ்ல இருந்து வேகமான ட்ரெய்ன்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துடலாம்ங்கிறதால எல்லாரும் பத்தரை, பதினோரு மணிக்குத்தான் வந்து குவியறாங்க. முடிஞ்சா முந்தின நாள் ராத்திரியே வந்து தங்கிடுங்க. ஊரைச் சுத்தி இருக்கிற பழைய கோட்டை மதில் மேல போற வழி காலைல எட்டு மணிக்கு திறந்து இருட்டறப்ப பூட்டிடுவாங்க, காசு கிடையாது. எட்டு மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல நின்னீங்கன்னா பத்து மணிக்குள்ள ஊரோட நல்ல பாகம் பூரா உங்களுக்கே உங்களுக்குன்னு கிடைச்ச மாதிரி இருக்கும்.

ரெண்டாவது, செருப்பு. கல் பாவின தெரு, மதில் மேல படிக்கட்டு, மழை பேஞ்சா வழுக்கும். நல்ல கிரிப் உள்ள ஷூ போடுங்க. வீல்சேர், தள்ளுவண்டி குழந்தை இருந்தா மதிலை விட்டுடுங்க, ஏற முடியாது, சில இடத்துல உள்பக்கம் கைப்பிடி கம்பியும் கிடையாது, ஓடற வயசு பசங்க இருந்தா கையை விடாதீங்க. நாயையும் மேல விட மாட்டாங்க.

மூணாவது விஷயம் தெருப் பேரு. இது தெரியலன்னா கடைசி வரைக்கும் குழம்பிட்டே இருப்பீங்க. இந்த ஊர்ல 'கேட்'னு முடியறதெல்லாம் வாசல் இல்ல, தெரு. ஸ்காண்டிநேவியால இருந்து கடல் தாண்டி வந்து ஊரைப் பிடிச்ச வைக்கிங் ஆளுங்க பேசின பாஷைல 'கட்டா'ன்னா தெரு, அது அப்படியே ஒட்டிக்கிச்சு. அப்ப நிஜமான கோட்டை வாசலுக்கு என்ன பேருன்னா 'பார்'. பூத்தம் பார்னு போர்டு பாத்துட்டு பீர் கிடைக்கும்னு போயிடாதீங்க, பீருக்கு பப்தான்.

சரி, ஸ்டேஷன். 1877ல கட்டினது, வளைஞ்சு போற இரும்புக் கூரை, இறங்கினதும் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாத்துட்டு டாய்லெட் வேலையெல்லாம் அங்கயே முடிச்சுட்டு வெளிய வாங்க. எதிர்லயே புல் மேட்டு மேல மதில் தெரியும். ஏறணும்னு கை அரிக்கும், இப்ப வேணாம், இந்தப் பக்கத்தை கடைசிக்கு வெச்சிருக்கேன். இடது பக்கம் திரும்பி மதில் ஓரமா ரோட்லயே நடந்து லெண்டல் பாலத்துக்கு வாங்க. வர்ற வழியில புல்வெளில சாஞ்ச கல்லறைக் கல்லு கொஞ்சம் இருக்கும், 1832ல காலரால செத்தவங்களைப் புதைச்ச இடம், 185 பேர். பஸ்ஸுக்கு நிக்கிறவங்க யாரும் திரும்பிக் கூட பாக்க மாட்டாங்க.

லெண்டல் பாலம் 1863ல வந்தது. அதுக்கு முன்னாடி அங்க படகுதான். முதல்ல ஒரு பாலம் கட்ட ஆரம்பிச்சு 1861ல அது இடிஞ்சு விழுந்து அஞ்சு பேர் செத்துட்டாங்க, அப்புறம்தான் இப்ப இருக்கிற பாலம். பாலம் வந்ததும் படகோட்டிக்கு பொழப்பு போச்சுன்னு 15 பவுண்டும் ஒரு குதிரையும் வண்டியும் குடுத்து அனுப்பினாங்களாம். பாலத்தோட ரெண்டு முனையிலயும் ஆத்து ஓரத்துல ஒவ்வொரு கோபுரம் நிக்குது பாருங்க, அந்தக் காலத்துல இந்தக் கோபுரத்துக்கும் அந்தக் கோபுரத்துக்கும் நடுவுல ஆத்துக்கு குறுக்க இரும்புச் சங்கிலி கட்டி வெச்சிருந்தாங்க, வரி கட்டாம படகு உள்ள போக முடியாது.

பாலம் தாண்டினதும் இடது பக்கம் மியூசியம் கார்டன்ஸ். உள்ள போங்க, இலவசம். இங்க அவசரப்படாதீங்க. நுழைஞ்சதும் வலது பக்கம் மரத்துக்குப் பின்னாடி பல பக்கம் வெச்ச ஒரு கோபுரம் இருக்கும், மல்டாங்குலர் டவர்னு பேரு. அதோட கல்லைப் பாத்தாலே கதை புரியும்: கீழ்ப்பாதி சின்னச் சின்ன கல், நடுவுல சிவப்பு செங்கல் வரிசை ஒண்ணு ஓடும், அது ரோமானியர் கட்டினது. மேல்பாதி பெரிய பெரிய கல், அது அவங்க போய் பல நூறு வருஷம் கழிச்சு வந்தவங்க அதே அஸ்திவாரத்து மேல எழுப்பினது. இந்த ஊரையே இப்படித்தான் படிக்கணும். கி.பி. 71ல ரோமானியரோட ஒன்பதாம் படை வந்து எபோராக்கம்னு ஒரு கோட்டை போட்டாங்க, அது மேல ஆங்கிலேயர், அது மேல 866ல வைக்கிங், அது மேல பிரான்ஸ்ல இருந்து வந்த நார்மன், யாரும் முன்னாடி இருந்ததை முழுசா வழிச்சுப் போடல, மேல மேல அடுக்கிட்டே போயிட்டாங்க.

கார்டன்ஸுக்குள்ளயே செயின்ட் மேரீஸ் மடத்தோட இடிஞ்ச சுவர் இருக்கு. ஒரு காலத்துல வட இங்கிலாந்துலயே பணக்கார மடங்கள்ல ஒண்ணு, ராஜா எட்டாம் ஹென்றி மடங்களையெல்லாம் மூடினப்ப 1539ல இதையும் மூடினாங்க, அப்புறம் ஊர் பூரா இங்க வந்து கல்லை உருவிட்டுப் போச்சு. ஜன்னல் வளைவு மட்டும் வானத்தைப் பாத்துட்டு நிக்குது. காலைல அங்க அணிலும் நீங்களும் மட்டும்தான். டிபன் கட்டிட்டு வந்திருந்தா இங்கயே பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டுடுங்க, இவ்ளோ நல்ல இடம் அப்புறம் கிடைக்காது, ஆனா அணில் பைக்குள்ளயே தலையை விடும், பாத்துக்கோங்க.

அங்க இருந்து மல்டாங்குலர் டவர் பின்பக்கமா, லைப்ரரி ஓரம் ஒரு சின்ன வழி போகும், அதுல போனா எக்ஸிபிஷன் ஸ்கொயர். ஆர்ட் கேலரி முன்னாடி ஒரு ஆள் சிலையா நிக்கிறார், வில்லியம் எட்டி. ஓவியர், பொறந்தது இதே ஊர்ல 1787ல. நிர்வாண ஓவியமா வரைஞ்சு தள்ளி பேரும் திட்டும் ஒண்ணா வாங்கினவர். ஆனா இந்த நடைக்கு அவர் ஏன் முக்கியம்னா, 1800கள்ல ஊர் நிர்வாகத்துக்கு மதில் ஒரு தொல்லையா இருந்துச்சு, பழுது பாக்க செலவு, வண்டி போக வழி இல்ல, இடிச்சுத் தள்ளிடலாம்னு பாத்தாங்க, கொஞ்சம் கொஞ்சமா இடிக்கவும் ஆரம்பிச்சாங்க, வாசலுக்கு முன்னாடி இருந்த வெளிக்காப்பு கட்டடத்தை மூணு வாசல்ல எடுத்தே எடுத்துட்டாங்க. அப்ப சண்டை போட்டவங்கள்ல இவர் முக்கியமான ஆளு. இவர் பக்கத்துலயே குட்டியா பூத்தம் பார் மாதிரியும் செதுக்கி வெச்சிருக்காங்க. நிஜ பூத்தம் பார் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ரோமானியர் கோட்டைக்கும் வாசல் இதே எடத்துலதான். அதுக்குள்ளயே படிக்கட்டு, ஏறுங்க.

இந்த பூத்தம் பார்ல இருந்து மங்க் பார் வரைக்கும் உள்ள மதில்தான் மொத்த யார்க்லயும் என்னோட ஃபேவரிட். முழு மதிலும் சுமார் 3.4 கிலோமீட்டர், இங்கிலாந்துல இவ்ளோ நீளத்துக்கு வேற எந்த ஊர்லயும் மிஞ்சல, ஆனா எல்லாத்தையும் நடக்கத் தேவையில்ல, பாதி தூரம் கார் பார்க்கும் வீட்டுப் பின்பக்கமும்தான் தெரியும். இந்த முக்கால் கிலோமீட்டர் போதும். வலது பக்கம் மின்ஸ்டர், அதாவது பெரிய சர்ச், மரத்துக்கு மேல கப்பல் மாதிரி கூடவே வந்துட்டு இருக்கும். கீழ யார் யாரோட தோட்டம், செடிக்கு தண்ணி ஊத்திட்டு இருக்கிற ஆளு, எட்டிப் பாக்கிற நம்மள அவங்க கண்டுக்கறதே இல்ல, பழகிடுச்சு போல. ஒரு மூலைல மதில் சட்டுனு வலது பக்கம் திரும்பும், ரோமானியர் கோட்டையோட மூலையும் அதுதான், அவங்க சுவர் நீங்க நிக்கிற மண்மேட்டுக்குள்ள புதைஞ்சு கிடக்கு.

அங்க இருந்து கொஞ்ச தூரத்துல உள்பக்கம் தெரியற பழைய பெரிய வீடுகள்ல ஒண்ணு ட்ரெஷரர்ஸ் ஹவுஸ். 1953ல அதோட நிலவறையில பைப் வேலை பாத்துட்டு இருந்த ஹாரி மார்ட்டிண்டேல்ங்கிற பையன் சுவருக்குள்ள இருந்து ரோமானிய சிப்பாய்ங்க வரிசையா நடந்து வந்ததைப் பாத்ததா சொன்னார், முழங்காலுக்குக் கீழ கால் தெரியலயாம், தரை தோண்டியிருந்த எடத்துல மட்டும் பாதம் வரைக்கும் தெரிஞ்சுதாம், ஏன்னா பழைய ரோமானிய ரோடு அவ்ளோ ஆழத்துல இருந்துச்சு. எனக்கு பேய் நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனா தெரு மட்டம் மாறினதைக் கூட கணக்குல வெச்சுட்டு வந்த பேய்ங்கிறது கொஞ்சம் பிடிச்சிருக்கு.

மங்க் பார்ல இறங்குங்க, படி செங்குத்தா குறுகலா இருக்கும், எங்க அம்மா இங்க பின்பக்கமா திரும்பி ஏணில இறங்கற மாதிரி இறங்கினாங்க, அதுதான் சரியான முறை. ஊர்ல இருக்கிற வாசல்லயே உயரமானது இது. இறங்கினா கூட்ரம்கேட். அதுல நேரா போய் வலது பக்கம் காலேஜ் ஸ்ட்ரீட்ல திரும்பினா மின்ஸ்டரோட கிழக்கு முனை முகத்துல அடிக்கிற மாதிரி வந்து நிக்கும்.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன். வெளிய இருந்து பாத்தா அந்தப் பெரிய ஜன்னல் கருப்பா அழுக்கா தெரியும், சே இதுக்கா இவ்ளோ பேச்சுன்னு தோணும். வண்ணக் கண்ணாடியை உள்ள இருந்துதான் பாக்கணும், வெளிச்சம் வெளிய இருந்து உள்ள வரணும்ல. அந்த கிழக்கு ஜன்னல் ஒரு டென்னிஸ் கோர்ட் அளவு. கோவென்ட்ரில இருந்து வந்த ஜான் தார்ன்டன் 1405ல ஆரம்பிச்சு 1408ல மூணே வருஷத்துல முடிச்சார், மொத்த சம்பளம் 56 பவுண்டு, அதுல 10 பவுண்டு ஒழுங்கா முடிச்சதுக்கு போனஸ். பைபிள்ல உலகம் பொறந்ததும் உலகம் அழியறதும் ரெண்டும் அதுல இருக்கு.

மின்ஸ்டர் உள்ள போகணுமா வேணாமாங்கிறது பெரிய கேள்வி, ஏன்னா டிக்கெட் சல்லிசு இல்ல. என் கணக்கு இதுதான்: இந்த ஊர்ல ஒரே ஒரு எடத்துக்குத்தான் காசு குடுப்பேன்னா அது இதுக்கு இருக்கட்டும், மத்ததை விட்டுடுங்க. ஆனா காலைல ஒன்பதரைக்கு மேலதான் திறப்பாங்க, ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேலதான், அதனால இப்ப வெளிய மட்டும் சுத்திட்டு தெருவெல்லாம் முடிச்சுட்டு திரும்பி வாங்க. உள்ள போனா ஒன்றரை மணி நேரம் தனியா ஒதுக்குங்க. கீழ நிலவறை மியூசியத்தை விட்டுடாதீங்க. 1967ல நடு கோபுரம் பாரம் தாங்காம உக்காருதுன்னு கண்டுபிடிச்சு அஞ்சு வருஷம் அடியில தோண்டி கான்கிரீட்டும் ஸ்டீல் கம்பியும் போட்டு தாங்க வெச்சாங்க, தோண்டத் தோண்ட ரோமானியப் படைத் தலைமையகத்தோட சுவரும் தூணும் வந்துச்சு, இப்ப அதுக்கு நடுவுலயே நடந்து பாக்கலாம். கோபுரத்து மேல ஏற 275 படி, முட்டி நல்லா இருந்தா மட்டும். அப்புறம் காசு இல்லாம உள்ள போக நேர்மையான வழி ஒண்ணு இருக்கு: சாயங்காலம் நடக்கிற ஈவன்சாங், பாட்டோட கூடின பிரார்த்தனை, யாரு வேணா போய் உக்காரலாம், வாசல் போர்டுல நேரம் பாத்துக்கோங்க. ஆனா அது வழிபாடு, எழுந்து சுத்திப் பாக்கறதோ போட்டோ எடுக்கறதோ கூடாது.

தெற்கு பக்கம் சுத்தி வாங்க. வெண்கலத்துல ஒருத்தர் நாற்காலில சாஞ்சு உக்காந்திருப்பார், கையில முனை உடைஞ்ச வாள். கான்ஸ்டன்டைன். அவங்க அப்பா 306ல இதே ஊர்ல செத்ததும் படைவீரருங்க இங்கயே இவரை சக்கரவர்த்தின்னு அறிவிச்சுட்டாங்க, பின்னாடி ரோம சாம்ராஜ்யத்துல கிறிஸ்தவத்துக்கு கதவு திறந்துவிட்ட ஆளு, அவர் முதுகுக்குப் பின்னாடி இவ்ளோ பெரிய சர்ச் நிக்கறது பொருத்தம்தான். எதிர்ல தனியா நிக்கிற தூண் ரோமானியர் தூண், சர்ச்சுக்கு அடியில 1969ல கிடைச்சது. மேல தெரியற வட்ட ரோஜா ஜன்னலைப் பாருங்க. 1984 ஜூலை 9 ராத்திரி இந்தப் பக்கக் கூரைல தீ பிடிச்சுது, இடி விழுந்துதான்னு நினைக்கிறாங்க, அந்தச் சூட்டுல ஜன்னல் கண்ணாடி சுமார் 40,000 விரிசல் விட்டுடுச்சு, ஆனா உதிரல, ஒவ்வொண்ணா எடுத்து ஒட்டி திரும்ப வெச்சுட்டாங்க. பக்கத்துல இருக்கிற சின்ன சர்ச் செயின்ட் மைக்கேல் லெ பெல்ஃப்ரி, 1570ல கை ஃபாக்ஸுக்கு ஞானஸ்நானம் நடந்த எடம், ஆமா, பார்லிமென்ட்டுக்கு வெடி வைக்கப் பாத்தவர்தான்.

சர்ச்சுக்கு எதிர்ல மின்ஸ்டர் கேட்ஸ்னு குட்டித் தெரு, அது முடியற எடத்துல ஒரு நாற்சந்தி, அந்த மூலைல தலைக்கு மேல மினர்வாங்கிற ரோமானிய அறிவு தேவதை ஆந்தையோட புத்தக அடுக்குல சாஞ்சு உக்காந்திருக்கும், பழைய புத்தகக் கடைக்காரர் விளம்பரம். இந்த சந்தில ஒரு நிமிஷம் நில்லுங்க. குறுக்க போற பீட்டர்கேட் ரோமானியக் கோட்டையோட ஒரு மெயின் ரோடு, நேரா போற ஸ்டோன்கேட் இன்னொண்ணு. ரோடு இன்னும் அதே கோட்டுலதான் ஓடுது, 1900 வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஸ்டோன்கேட்ல இறங்குங்க. இந்தத் தெருல தலையைத் தூக்கிட்டே நடக்கணும், காலுக்குக் கீழ பாக்க ஒண்ணும் இல்ல. 33ஆம் நம்பர் பக்கம் ஒரு சிவப்பு குட்டிச்சாத்தான் சங்கிலி போட்டு உக்காந்திருக்கும், அச்சாபீஸ் இருந்ததுக்கு அடையாளம், அச்சுக்கூட எடுபிடிப் பையனை அந்தக் காலத்துல சாத்தான்னுதான் கூப்பிடுவாங்க. தெருவுக்கு குறுக்க இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரு பப்போட போர்டு தொங்கும். பக்கத்துல காஃபி யார்டுனு ஒரு சந்து, தலை இடிக்கிற உயரம், அதுக்குள்ள நுழைஞ்சு பாருங்க, இந்த ஊர்ல இப்படி நிறைய சந்து இருக்கு, அதுக்குன்னே ஸ்நிக்கெல்வேன்னு 1983ல ஒரு வார்த்தையே உண்டாக்கினாங்க. வழி தப்பினா கவலை வேணாம், ரெண்டு நிமிஷத்துல ஏதாவது ஒரு தெரிஞ்ச தெருல கொண்டு வந்து விட்டுடும்.

கீழ முடிவுல செயின்ட் ஹெலன்ஸ் ஸ்கொயர், அங்க மூலைல பெட்டிஸ் டீக்கடை, கண்ணாடி ஜன்னலுக்கு வெளிய கியூ நிக்கும். சுவிட்சர்லாந்துல இருந்து வந்த ஒருத்தர் ஆரம்பிச்சது. கீழ்த்தளத்துல ஒரு கண்ணாடி இருக்கு, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல சுத்துப்பட்டு விமானத் தளத்துல இருந்த பசங்க வைரப் பேனாவால அதுல கையெழுத்துப் போட்டு வெச்சிருக்காங்க, பறந்து போனவங்கள்ல பல பேர் திரும்பல. காலைல ஒன்பது ஒன்பதரைக்கு கியூ கம்மியா இருந்தா ஒரு டீயும் ஃபேட் ராஸ்கல்னு ஒரு பெரிய பன்னும் சாப்பிடுங்க. கியூ ரோட்டைத் தொட்டா விட்டுத்தள்ளுங்க, டீ டீதான்.

டேவிகேட், சர்ச் ஸ்ட்ரீட் வழியா கிங்ஸ் ஸ்கொயர் வாங்க. நேரா ஷாம்பிள்ஸ் போறதுக்கு முன்னாடி கூட்ரம்கேட் பக்கம் நாலு எட்டு வெச்சா இடது பக்கம் கடைக்கு நடுவுல ஒரு சின்ன வளைவு வாசல், தெரியவே தெரியாது. உள்ள ஹோலி டிரினிட்டி சர்ச். தெரு சத்தம் அப்படியே நின்னுடும். பெட்டி பெட்டியா கதவு வெச்ச மர இருக்கைங்க, கோணல்மாணல் தரை, கரண்ட் வெளிச்சமே தேவைப்படாத ஜன்னல். வாசல்ல ஒரு நீல வட்டப் பலகைல வானவில் விளிம்பு இருக்கும், 1834ல ஆன் லிஸ்டரும் ஆன் வாக்கரும் ரெண்டு பொண்ணுங்க இங்க சேந்து நன்மை, அதாவது பூசையில குடுக்கிற அப்பமும் திராட்சை ரசமும், வாங்கி அதையே தங்களோட கல்யாணமா எடுத்துக்கிட்டாங்க. சர்ச் முன்னாடி தெருல வரிசையா நிக்கிற குட்டை வீடுங்க 1316ல கட்டினது. மின்ஸ்டர்க்கு அடுத்து எனக்கு இந்த எடம்தான், பத்து நிமிஷம் உக்காந்துட்டு வாங்க, போற போக்குல உண்டியல்ல ஏதாவது போடுங்க.

இப்ப ஷாம்பிள்ஸ். மணி பத்து ஆகியிருக்கும், கூட்டம் இன்னும் வரல. கசாப்புக்கடைத் தெரு இது, 1872ல கூட இங்க 25 கசாப்புக்கடை இருந்துச்சு, இப்ப ஒண்ணும் இல்ல, மந்திரக்கோலும் கேக்கும் விக்கிறாங்க. மாடி மாடியா வீடு முன்னாடி தள்ளிட்டே வந்து மேல ரெண்டு பக்க வீடும் முத்தம் குடுக்கற மாதிரி நெருங்கி நிக்கும், வெயில் கறி மேல படாம நிழலா இருந்துச்சு. ஜன்னலுக்குக் கீழ அகலமா பலகை, மேல இரும்புக் கொக்கி, ரெண்டும் கறி வெக்கவும் தொங்கவிடவும். நடுவுல சரிவா ஓடற வாய்க்கால் எதைக் கழுவி விட்டதுன்னு நான் சொல்லத் தேவையில்ல. கடைக்காரங்க வாசல்ல நின்னு கொக்கியைப் பாருங்க, பொம்மையை அப்புறம் வாங்கலாம்.

35ஆம் நம்பர்ல ஒரு சின்ன வழிபாட்டு அறை இருக்கு, மார்கரெட் கிளித்தரோ பேர்ல. கசாப்புக்காரர் பொண்டாட்டி. கத்தோலிக்கப் பாதிரியை வீட்டுல ஒளிச்சு வெக்கறது குத்தமா இருந்த காலத்துல ஒளிச்சு வெச்சாங்க. விசாரணைன்னு வந்தா தன் பிள்ளைங்களையே சாட்சி சொல்ல வெப்பாங்கன்னு வாயே திறக்கல, அப்படி வாய் திறக்காதவங்களுக்கு அந்தக் கால சட்டத்துல தண்டனை என்னன்னா மேல பலகையைப் போட்டு கல்லை அடுக்கி நசுக்கறது. 1586 மார்ச் 25. 1970ல போப்பாண்டவர் புனிதர்னு அறிவிச்சார். இவங்க செத்த எடம் ஊஸ் ஆத்து மேல இருக்கிற ஊஸ் பாலம், நம்ம வழியிலயே வரும், பலகை இருக்கு.

ஷாம்பிள்ஸ் தாண்டி கீழ வந்தா விப்-மா-வாப்-மா-கேட், ஊர்லயே சின்னத் தெருவுக்கு ஊர்லயே நீளமான பேரு. பசி எடுத்தா பின்னாடி மார்க்கெட்ல வண்டிக்கடை சாப்பாடு கிடைக்கும், சைவமும் உண்டு.

காப்பர்கேட்ல ஜார்விக் வைக்கிங் சென்டர். 1976ல இருந்து 81 வரைக்கும் இங்க தோண்டினப்ப ஈர மண்ணுல மரம், தோல், துணி எல்லாம் மக்காம அப்படியே கிடைச்சுது. 1984ல அதே எடத்துல மியூசியம் ஆக்கி, வண்டில உக்கார வெச்சு பழைய தெருவுக்குள்ள நாத்தத்தோட கூட்டிட்டுப் போறாங்க. குழந்தைங்க இருந்தா முன்னாடியே டிக்கெட் போட்டுட்டு போங்க. அங்க பெரிய ஸ்டார் என்னன்னா, பக்கத்துல ஒரு பேங்க் கட்ட தோண்டினப்ப 1972ல கிடைச்ச ஒரு வைக்கிங் மனுஷனோட கெட்டிப்பட்ட மலம், 20 சென்டிமீட்டர், கண்ணாடிப் பெட்டிக்குள்ள. பசங்க அதை மட்டும் வாழ்நாள் பூரா மறக்க மாட்டாங்க. பெரியவங்க மட்டும் போனா நான் தாண்டிப் போயிடுவேன்.

அடுத்தது கிளிஃபோர்ட்ஸ் டவர். பச்சை மேட்டு மேல நாலு வட்டத்தை ஒட்டி வெச்ச மாதிரி ஒரு கல் கோபுரம், மார்ச் மாசக் கடைசில போனா மேடு பூரா மஞ்சள் டாஃபோடில் பூ, எல்லாரும் சிரிச்சுட்டே செல்ஃபி எடுப்பாங்க. அந்தப் பூவை ஏன் வெச்சாங்கன்னு தெரிஞ்சா அவ்ளோ சிரிப்பு வராது. 1190 மார்ச் 16, இங்க அப்ப மரக்கோபுரம்தான் இருந்துச்சு. ஊருக்குள்ள கும்பல் துரத்த, யார்க் யூதர்கள் சுமார் 150 பேர் பொண்ணு பிள்ளையோட உள்ள தஞ்சம் புகுந்தாங்க. வெளிய கும்பல், தப்பிக்க வழி இல்ல, உள்ள இருந்தவங்கள்ல நிறைய பேர் கும்பல் கையில சிக்கறதுக்குப் பதிலா தாங்களே உயிரை விட்டாங்க, கோபுரம் எரிஞ்சுது, உயிரோட வெளிய வந்தவங்களையும் கொன்னுட்டாங்க. அதுக்கப்புறம் அந்தக் கும்பல் நேரா எங்க போச்சு தெரியுமா, மின்ஸ்டருக்கு. யூதர்கள்கிட்ட வாங்கின கடன் பத்திரமெல்லாம் அங்கதான் பத்திரமா வெச்சிருந்துச்சு. அத்தனையையும் போட்டு எரிச்சாங்க. காலைல இருந்து கூடவே வந்துட்டு இருந்த அந்த மின்ஸ்டர் கோபுரத்தை இந்த மேட்டு மேல இருந்து திரும்பிப் பாக்கறப்ப எனக்கு அது கொஞ்சம் வேற மாதிரிதான் தெரிஞ்சுது. இப்ப இருக்கிற கல் கோபுரம் அதுக்கு அடுத்த நூற்றாண்டுல கட்டினது. 2022ல உள்ள மரத்தளம் போட்டு கூரை மேல நின்னு பாக்கற மாதிரி பண்ணியிருக்காங்க, டிக்கெட் உண்டு. டிக்கெட் எடுக்கலன்னாலும் கீழ இருக்கிற நினைவுப் பலகையை நின்னு படிங்க.

அங்க இருந்து ஆத்தங்கரைக்கு இறங்கி கிங்ஸ் ஸ்டெய்த் வழியா நடங்க. கரையோரமா ஒரு பப், கிங்ஸ் ஆர்ம்ஸ், அதுல எந்த வருஷ வெள்ளம் எவ்ளோ உயரம் வந்துச்சுன்னு கோடு போட்டு வெச்சிருக்காங்க. 2000 நவம்பர் வெள்ளத்தோட கோடு அண்ணாந்து பாக்கற உயரத்துல இருக்கும். மழைக்காலத்துல போனா இந்தக் கரையே தண்ணிக்குள்ள இருக்கும், அப்ப மேல தெரு வழியா ஊஸ் பாலத்துக்கு போயிடுங்க.

பாலம் தாண்டினா மிக்கில்கேட், வளைஞ்சு மேல ஏறற அழகான தெரு, இந்நேரம் கால் கெஞ்சும், மெதுவா ஏறுங்க. உச்சில மிக்கில்கேட் பார், லண்டன்ல இருந்து ராஜா வந்தா நுழையற வாசல் இது. ராஜாவுக்கு வரவேற்பும் இங்கதான், துரோகின்னு வெட்டினவங்க தலையைக் குத்தி வெச்சதும் இங்கதான். 1460ல ராஜா பட்டத்துக்குப் போட்டி போட்ட யார்க் கோமகன் ரிச்சர்டோட தலைக்கு காகித கிரீடம் போட்டு இங்க வெச்சாங்க, அடுத்த வருஷமே அவர் பையன் போர்ல ஜெயிச்சு வந்து அப்பா தலையை இறக்கிட்டு எதிரிங்க தலையை ஏத்திட்டான். கடைசியா வெச்ச தலைங்க 1754 வரைக்கும் இருந்துச்சு.

இங்க மதில் மேல ஏறுங்க, காலைல வேணாம்னு தள்ளி வெச்ச பாகம் இதுதான். வலது பக்கம் திரும்பிப் பாத்துட்டே ஆத்துப் பக்கம் இறங்கி வாங்க. கொஞ்ச தூரத்துல வளைவு திரும்பினதும் புல்மேடு, மதில், அதுக்குப் பின்னாடி மின்ஸ்டர் முழுசா ஒரே ஃப்ரேம்ல விழும், யார்க் போஸ்ட்கார்டு எல்லாம் இந்த எடத்துல இருந்துதான். மதியத்துக்கு மேல சூரியன் நம்ம முதுகுப் பக்கம் வந்துடும், கல் தேன் நிறமா தெரியும், அதுக்காகத்தான் இதை கடைசில வெச்சேன், காலைல எடுத்தா எதிர்வெயில்.

லெண்டல் பாலம் பக்கம் இறங்கினா ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம். ட்ரெய்னுக்கு நேரம் இருந்தா பிளாட்ஃபாரத்துல உக்காந்து போனை நோண்டாதீங்க, ஸ்டேஷன் பின்பக்கம் நேஷனல் ரயில்வே மியூசியம், உள்ள போக காசு இல்ல, 1938 ஜூலை 3ல மணிக்கு 126 மைல் ஓடி நீராவி இன்ஜின் ரெக்கார்டு போட்ட நீலக்கலர் மல்லார்டு அங்கதான் நிக்குது. ஆனா ஒண்ணு, உள்ள போயிட்டு நான் ரெண்டு தடவை ட்ரெய்னை விட்டிருக்கேன், அலாரம் வெச்சுட்டு போங்க.